நீல நரம்பு

அத்தியாயம் ஆறு

ஹார்லன் ஸ்ட்ராக்கின் பட்டறைச் சுவரில் இப்போது கொக்கிகள் மட்டுமே இருந்தன. பல வருடப் புகையும் எண்ணெயும் ஏறிப் பலகை பழுத்திருந்தது. துப்பாக்கிகள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாக, நீளநீளமாகத் தெரிந்தன. போலீஸ் எடுத்துப்போன ஒவ்வொன்றும் தன் அளவைச் சுவரில் விட்டுவிட்டுப் போயிருந்தது.

“ஒரு நல்லது. பெயின்ட் அடிக்க வசதியா இருக்கு” என்றான் ஓட்டிஸ்.

ஹார்லன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நோரீன் ஹைல்மன் பார்த்தாள். அந்தப் பார்வை ஓட்டிஸுக்குப் பழக்கம். நோரீன் இந்தக் கவுண்டியில், அதாவது இந்த மாவட்டத்துப் போலீஸில், இருபது வருடம் துணை ஷெரிஃபாக இருந்தவள். இப்போது சலவைக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். ஓட்டிஸ் இன்ஷூரன்ஸ் விற்கப் போய், வீடு வீடாக எல்லாரையும் சிரிக்க வைத்து, ஒரு பாலிசிகூட விற்காமல் அவளிடம் வந்து சேர்ந்தவன். கார் ஓட்டுவான், படம் எடுப்பான். வாயை மட்டும் மூடமாட்டான்.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். மாநில அரசு புதுச் சட்டம் போட்டிருந்தது. ஒரு வகை ரைஃபிளை இனி யாரும் விற்கவோ வாங்கவோ கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். பதிவுக்கான கெடு முடிந்து சில வாரம் கழித்து, மாநிலப் போலீஸ் வண்டி ஒன்று ஹார்லனின் டிராக்டர் கொட்டகை முன்னால் வந்து நின்றது. இறங்கியவர்கள் எங்கும் தேடவில்லை. நேராக விதை மூட்டைகளுக்குப் பின்னால் போய், தீவனச் சாக்கில் சுற்றிய கறுப்பு ரைஃபிள் ஒன்றை எடுத்தார்கள். தடை செய்த வகை. பதிவு இல்லாதது. யாரோ பெயர் சொல்லாமல் போன் செய்து, எந்த மூலை என்பது வரைக்கும் சொல்லியிருந்தார்கள்.

தன்னுடையது இல்லை என்றார் ஹார்லன். பிடிபட்ட எவன்தான் தன்னுடையது என்று சொல்லியிருக்கிறான்?

திங்கட்கிழமை கோர்ட். தீர்ப்பு பாதகமானால் துப்பாக்கி பழுது பார்க்கும் உரிமம் போகும். அதன்பின் ஆயுள் முழுக்க ஒரு துப்பாக்கியைத் தொட முடியாது. அறுபத்தாறு வயதில் அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. இப்போதைக்கு ஜாமீனில் இருக்கிறார். துப்பாக்கி இருக்கும் இடத்தில் கால் வைத்தால் அதுவும் ரத்து.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. இந்தக் கவுண்டியில் வெளிப்படையாகப் பதிவு செய்த ஒரே ஆள் ஹார்லன்தான். அரசாங்கத்துக்காரன் முதலில் நம்பரைக் கேட்பான், அப்புறம் வாசலில் வந்து பொருளைக் கேட்பான் என்று காபிக் கடையில் பேசாத ஆள் இல்லை. நேற்று வரை அப்பன் கொடுத்த சொத்து, இன்று காலை எழுந்தால் குற்றம், இது என்ன நியாயம் என்று சர்ச் வாசலிலேயே கேட்டார்கள். ஷெரிஃப் மேடையேறி, இதற்காக ஒரு வீட்டுக் கதவையும் தட்டமாட்டேன் என்று அறிவித்துக் கைதட்டல் வாங்கினார். அத்தனை பேருக்கும் நடுவில் ஹார்லன் தன் இரண்டு ரைஃபிள்களுக்கும் நம்பர் கொடுத்தார். உரிமம் வைத்துத் தொழில் செய்கிறவன், சட்டம் எப்படியோ நான் அப்படி என்று சொன்னார். அடுத்த வாரமே ஊர்த் துப்பாக்கிக் கழகத்துச் சுவரிலிருந்து அவர் படத்தைக் கழற்றிவிட்டார்கள்.

“அவங்கள்ல ஒருத்தன்தான் நோரீன்” என்றார் ஹார்லன். “பதிவு பண்ணினதுக்குப் பழி வாங்கறான். நீ பேரை மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

“என்னத்தைப் பாத்துப்பே? உன் வீட்ல ஒரு பொம்மைத் துப்பாக்கியைக்கூட விட்டு வெக்கலை.”

“கையை விட்டுட்டுத்தானே போயிருக்காங்க.”

குரலை உயர்த்தாமல், மேஜையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவர்களை அளவுப்படி அடுக்கிக்கொண்டே சொன்னார். சத்தம் போட்டிருந்தால் நோரீன் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

வக்கீல் கொடுத்த போலீஸ் படங்களை அவள் மறுபடி எடுத்தாள். ரைஃபிளின் எண்ணை வைத்துப் போலீஸ் ஏற்கெனவே துழாவிப் பார்த்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில் ஒருவர் வாங்கியது. பல வருடம் முன்னால் ஒரு துப்பாக்கிச் சந்தையில், தாடி வைத்த யாரோ ஒருவனுக்குக் கைமாற்றிவிட்டாராம். அத்தோடு அந்த வழி அடைத்துப்போனது.

“தாடி வெச்ச ஆளைப் பிடிக்கணும்னா இந்தக் கவுண்டில பாதிப் பேரை உள்ள போடணும்” என்றான் ஓட்டிஸ். “எங்க பெரியம்மாவையும் சேர்த்து.”

நோரீன் ஒரு படத்தை வெளிச்சத்தில் நீட்டினாள். ரைஃபிளின் பக்கவாட்டில், சுட்ட தோட்டாவின் காலிக்கூடு துள்ளி வெளியே விழும் துவாரத்திலிருந்து, விரல் நீளத்துக்கு ஏதோ நீலமாக நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டிஸ் அதைச் சாக்குக் குப்பை என்றான். குப்பை தோட்டா அறைக்குள் போய் உட்காராது என்றாள் அவள்.

ஹார்லன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். புல்வெட்டும் மெஷினில் சுற்றுகிற, முறுக்கிய நைலான் நரம்பு என்றார். ஒரு துண்டு வெட்டி அறைக்குள் சொருகிவிட்டால், உள்ளே தோட்டா இல்லை என்று பத்தடி தள்ளி நிற்பவனுக்கும் தெரியும். கழகத்தில் எல்லாரும் கடையில் விற்கிற மஞ்சள் பிளாஸ்டிக் கொடியைத்தான் சொருகுவார்கள். நரம்பை வெட்டிச் சொருகுவது பழைய ஆட்கள் சிலரின் பழக்கம்.

“வேடிக்கையைப் பாரு” என்றாள் நோரீன். “ஒருத்தனை ஒழிச்சுக்கட்டணும்னு அவன் கொட்டகையில துப்பாக்கியை ஒளிச்சு வெக்கறான். வெக்கறப்போ, எந்தக் குழந்தையாவது எடுத்து விளையாடிட்டா என்ன ஆகும்னு அதுக்கும் ஏற்பாடு பண்ணிட்டுப் போறான். யோசிச்சுப் பண்ணினதா எனக்குத் தோணலை. மனசு முழுக்க விஷம் இருந்தாலும் கை பழக்கத்தை விடலை.”

“பகையாளிதான். ஆனா பொறுப்பான பகையாளி” என்றான் ஓட்டிஸ்.

ஹார்லன் தொப்பியை எடுத்துக்கொண்டார். நரம்பு விற்கிற கடைக்குக் கூட வருவதாகச் சொன்னார். ஜாமீனை நோரீன் நினைவுபடுத்தினாள். ஹார்ட்வேர் கடையில் துப்பாக்கி விற்பதில்லையே என்றார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தும் விட்டார்.

வழியில் சோளக்காடுகள் அறுத்து முடிந்து கட்டையாக நின்றன. ஓட்டிஸ் சும்மா வரவில்லை. நோரீனின் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது, அது பதிவாகிவிட்டதா என்று விசாரித்தான்.

“கிறிஸ்துமஸ் விளக்கு இருக்கு” என்றாள் நோரீன்.

“ஆமா. முப்பது குண்டு போடற விளக்கு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் சொன்னது உண்மை. கெடு போன பிறகும் அதற்கு நம்பர் கொடுப்பதா வேண்டாமா என்று அவளே இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் ஹார்லனின் கொட்டகையைப் பார்த்த நாளிலிருந்து அவளை உறுத்தியது வேறு. இந்தக் கவுண்டியில் இனி ஒருவனை ஒழிக்கக் குண்டு தேவையில்லை. ஒரு பழைய சாக்கு, பூட்டாத கொட்டகை, ஒரு போன். போதும். அவள் வீட்டுக் கொட்டகைக்கும் பூட்டு கிடையாது. இங்கே யாருடையதற்கும் கிடையாது.

மெர்ல் நடத்தும் ஹார்ட்வேர் கடையில் காபி பாத்திரத்தைச் சுற்றி வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். ஹார்லன் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. ஒருவர் காகிதக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு வெளியே போனார். இன்னொருவர் ஆணிப் பெட்டியில் ஆணி பொறுக்க ஆரம்பித்தார். ஹார்லன் அந்த முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றார், எதில் குத்துவது என்று தேர்வு செய்பவர் மாதிரி.

நோரீன் படத்தைக் கல்லாவில் வைத்தாள். இந்த நரம்பை யார் வாங்குகிறார்கள் என்று ஓட்டிஸ் கேட்டதுதான் தாமதம், மெர்ல் படத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

“எவன் என்ன வாங்கினான்னு நான் சொல்ல ஆரம்பிச்சா, இதுவும் ஒரு பதிவு ஆபீஸ் ஆயிடும். அப்புறம் இந்தக் கடைக்கு நாய்கூட வராது. கிளம்புங்க.”

“யாரு வாங்கறாங்கன்னு அவன்தான் கேட்டான். அவனுக்கு விவரம் பத்தாது” என்றாள் நோரீன். “என் வீட்டு மெஷின்ல நரம்பு அறுந்துக்கிட்டே இருக்கு. இந்த முறுக்கு நரம்பு அதுக்குத் தாங்குமா?”

மெர்லுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. நரம்பைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டு நாளாகியிருக்க வேண்டும். அவளுடைய குட்டி மெஷினில் இது சுற்றவே சுற்றாது, மோட்டார் புகைந்துவிடும் என்றார். மற்றதெல்லாம் கல்லில் பட்டால் அறும், இது மட்டும்தான் அறாது, கல்லைச் சுற்றிச் சுற்றி வெட்டுகிறவர்களுக்காக வரவழைப்பது என்றார்.

“அவ்வளவு கல்லை யாரு சுத்தி வெட்டறா?”

“கல்லறைத் தோட்டத்துல பின்ன கல்லு இல்லாம?” என்றார் மெர்ல். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் ஓட்டிஸ், தனக்கு விவரம் பத்தாது என்று ஊர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம் என்று குறைப்பட்டான். விவரம் பத்தியிருந்தால் நீ இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருப்பாய் என்றாள் நோரீன்.

லூத்தரன் சர்ச் ஆற்றைப் பார்த்த மேட்டில் இருந்தது. பின்னால் கல்லறைகள். காரை நிறுத்தியதும் ஹார்லன் இறங்கவில்லை. முழங்கால் வலி என்றார். கடைப் படிகளில் அந்த முழங்காலோடு அவர் சாதாரணமாகத்தான் ஏறியிருந்தார்.

சாமான் வைக்கிற சிறிய மரக்கொட்டகை திறந்தே கிடந்தது. ஆணியில் பெரிய புல்வெட்டி தொங்கியது. அதன் தலையில் சுற்றியிருந்தது நீல முறுக்கு நரம்பு. கதவின் உட்புறம் சாக்பீஸால் எழுதியிருந்தது: வெர்ஜில் தவிர வேறு யாரும் தொட வேண்டாம்.

ஓட்டிஸ் மெல்ல விசிலடித்தான். “வெர்ஜில் டீட்ஸ். பாஸ், அந்த ஆளா? மாநிலப் போலீஸுக்கு போன் பண்ணுவாரா? மழை வருமான்னு கேக்கறதுக்குக்கூட அவரு அரசாங்க நம்பருக்கு போன் பண்ணமாட்டாரே.”

நோரீனுக்கும் அதுதான் இடித்தது. வெர்ஜில் டீட்ஸ் கழகத்தின் பாதுகாப்புப் பயிற்சியாளர். கவுண்டியில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த அத்தனை பேருக்கும் சிறு வயதில் அவர்தான் பாடம் எடுத்தவர். பதிவுக்கு எதிரான கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்கப் பேசியதும் அவர்தான். என் துப்பாக்கி நம்பர் வேணும்னா நான் செத்ததுக்கு அப்புறம் என்கூடப் புதைச்ச பெட்டியைத் தோண்டிப் பாருங்க என்றார். ஆள் அந்த மாதிரி.

அவர்கள் கல்லறைகளுக்கு நடுவே நடந்தார்கள். எல்லாக் கற்களையும் சுற்றிப் புல் ஒழுங்காக வெட்டியிருந்தது. கடைசி வரிசையில் ஒரு கல்லைச் சுற்றி மட்டும் புல்லே இல்லை. மறுபடி மறுபடி, தேவைக்கு மேல், வெறும் மண் தெரியும் வரை வெட்டியிருந்தார்கள். மண்ணில் நீல நூல் நூலாக நரம்புத் துணுக்குகள். கல்லில் லானி டீட்ஸ் என்று இருந்தது. வெர்ஜிலின் தம்பி. போன வருடம் மார்ச்சில் செத்தவன். துப்பாக்கி துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. துணை ஷெரிஃபாக இருந்த காலத்தில் நோரீன் அந்த மாதிரி மரணங்களுக்குப் போயிருக்கிறாள். அவற்றில் ஒன்றிலும் துடைக்கிற துணி அவள் கண்ணில் பட்டதில்லை.

காருக்குத் திரும்பி, வெர்ஜில் என்று சொன்னாள். பெயர் தெரிந்தவுடன் ஹார்லன் கதவைத் திறந்துகொண்டு ஓடுவார் என்று எதிர்பார்த்துத் தயாராக நின்றாள். அவர் அசையவில்லை. கல்லறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்குப் போலாம்” என்றார். “திங்கக்கிழமை நான் ஒத்துக்கறேன். துப்பாக்கி என்னோடதுன்னு சொல்லிடறேன். உன் வேலை முடிஞ்சுது நோரீன்.”

“காலைல கை இருக்குன்னீங்களே” என்றான் ஓட்டிஸ். “அதுக்கும் ஜாமீன் ரத்தா?”

நோரீன் பின் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதை மறைக்கிறாய் என்று கேட்டாள். லானிக்கும் உனக்கும் என்ன என்று கேட்டாள். அவர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு தொழிலை விடுகிற மனிதன் பயந்தவனாக இருக்க வேண்டும், இல்லை கடன்பட்டவனாக. ஹார்லன் பயந்து அவள் பார்த்ததில்லை.

“கழகத்து மைதானத்துக்கு விடு” என்றாள் ஓட்டிஸிடம்.

ஞாயிற்றுக்கிழமைச் சுடும் போட்டி முடிந்திருந்தது. பன்றிக்கறி வாட்டிய அடுப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது, ஆட்கள் போய்விட்டார்கள். காரைக் கேட்டுக்கு வெளியே, சாலையிலேயே நிறுத்தச் சொன்னாள். ஹார்லனை இறங்கக்கூடாது என்று எச்சரித்துவிட்டு, டிக்கியிலிருந்து தன் பழைய வேட்டைத் துப்பாக்கியைத் துணியோடு எடுத்துக்கொண்டாள். அது சட்டப்படியானது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போடுகிற கிழட்டுத் துப்பாக்கி. டிக்கியில் அது இருந்ததை ஹார்லனிடம் அவள் சொல்லியிருக்கவில்லை.

வெர்ஜில் டீட்ஸ் நீண்ட மேஜைகளுக்குக் கீழே காலிக்கூடுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்குகிற ஆள், முதுகில் வளைவே இல்லை. நோரீன் துப்பாக்கியை மேஜையில் வைத்துத் துணியை விலக்கினாள். தோட்டா அறையை அடைக்கும் பூட்டு மூடியிருந்தது.

“இது சரியா மூடமாட்டேங்குது, பாரு” என்றாள்.

அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். குழலை, குண்டுகளைத் தாங்கும் மண்மேட்டுப் பக்கம் திருப்பினார். பூட்டைத் திறந்தார், அறைக்குள் பார்த்தார், சுண்டுவிரலை விட்டுத் தடவினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு எடுத்து உள்ளே சொருகினார். இவ்வளவும் முடிந்த பிறகுதான், எங்கே இடிக்குது என்று வாயைத் திறந்தார்.

துவாரத்திலிருந்து விரல் நீளத்துக்கு நீல முறுக்கு நரம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

நோரீன் போலீஸ் படத்தை அதன் பக்கத்தில் வைத்தாள்.

வெர்ஜில் இரண்டையும் பார்த்தார். துடைப்பத்தை மறுபடி எடுத்து, ஒரு மேஜையடி முழுக்கப் பெருக்கி முடித்தார். இதை வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்டார். ஒன்றும் முடியாது என்று நோரீன் ஒப்புக்கொண்டாள். இந்தத் துண்டைக் காட்டினால் ஜட்ஜ் சிரிப்பார். அதனால்தான் ஷெரிஃபிடம் போகாமல் இங்கே வந்திருக்கிறாள். அவர் சொன்னால்தான் உண்டு. பதிவு பண்ணினான் என்பதற்காக ஒரு மனிதனின் பிழைப்பையே பிடுங்குவது அதிகம், அதையும் எந்தச் சட்டம் வேண்டாம் என்று கத்தினாரோ அதே சட்டத்தை ஏவிவிட்டு, என்றாள்.

வெர்ஜில் சிரித்தார். சந்தோஷம் இல்லாத சிரிப்பு.

“பதிவா? அவன் பல்லுக்குக்கூட நம்பர் போட்டுக் குடுக்கட்டும். எனக்கென்ன. லானியோட ஷாட்கன் பழுது பாக்கறதுக்கு அவன் பட்டறையில இருந்துச்சு, தெரியுமா உனக்கு? தம்பியை விட்டுட்டுப் பொண்டாட்டி போயிட்டா. குடி. அவன் வீட்ல இருந்த துப்பாக்கியையெல்லாம் நான் ஒண்ணொண்ணா எடுத்துட்டு வந்துட்டேன். அது ஒண்ணுதான் பாக்கி. அன்னிக்குக் காலைல ஹார்லனுக்கு போன் பண்ணினேன். என் தம்பி சரியில்ல, அவன் கேட்டா குடுக்காதே, ஸ்பிரிங் வரலைன்னு சொல்லுன்னு சொன்னேன். என்ன சொன்னான் தெரியுமா? அவன் பொருளை அவன் கேட்டா நான் குடுக்கணும், கோர்ட் உத்தரவு இருந்தா கொண்டா, சட்டம் எப்படியோ நான் அப்படின்னான்.”

நோரீன் போலீஸ் படத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“மத்தியானம் லானி போய் வாங்கிக்கிட்டான். சாயங்காலம் ஆத்தங்கரையில வண்டிக்குள்ள பொணமா இருந்தான். சட்டப்படி எல்லாம் சரியாத்தான் நடந்துச்சு. ஒருத்தன் மேலயும் தப்பு இல்லைன்னாங்க.” துடைப்பத்தின் கட்டையில் அவர் பிடி இறுகியது. “சரி, இப்ப புதுசா ஒரு சட்டம் வந்துச்சு. அதையும் அவன் அனுபவிக்கட்டுமே. அந்த ரைஃபிள் லானியோடது. அதையும் அவன் வீட்லேருந்து நான்தான் எடுத்துட்டு வந்தேன். ஒரு வருஷம் வெச்சிருந்தேன், என்ன பண்றதுன்னு தெரியாம. அப்புறம் தெரிஞ்சுது.”

ஓட்டிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அப்போது கேட்டில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

ஹார்லன் மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார். நோரீன் கையைக் காட்டித் தடுத்தாள். மேஜையில் துப்பாக்கி கிடக்கிறது. இந்தப் புல்லில் அவர் நிற்பதை யாராவது சொன்னால் போதும், இன்று ராத்திரியே உள்ளே போய்விடுவார். அவர் நிற்கவில்லை. வெர்ஜிலுக்கு எதிரே, மேஜைக்கு இந்தப் பக்கம் வந்துதான் நின்றார். வெர்ஜில் பையிலிருந்து போனை எடுத்துவிட்டார்.

“கூப்பிடு” என்றார் ஹார்லன். “அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். சட்டம்னு சொன்னேனே, அது பொய்.”

வெர்ஜிலின் விரல் நின்றது.

“ஸ்பிரிங் வரலைன்னு வாரத்துக்கு நாலு பேருக்குச் சொல்றவன் நான். லானிக்குச் சொல்றதுக்கு என்ன? எனக்கு உன்னைப் பிடிக்காது வெர்ஜில். எப்பவும் பாடம் எடுக்கற குரல்லயே பேசுவே. அன்னிக்கும் அப்படித்தான் பேசினே. நீ சொல்லி நான் கேக்கணுமான்னு இருந்துச்சு. அவ்வளவுதான். வாய்க்கு வந்த காரணம்தான் சட்டம். லானி வந்தப்போ அவன் முகத்தைப் பாத்தேன். பாத்துட்டும் குடுத்தேன்.”

நாற்பது வருடத்தில் ஹார்லன் ஸ்ட்ராக் இவ்வளவு நீளமாகப் பேசி நோரீன் கேட்டதில்லை. அவளுக்குக் கேட்கப் பிடிக்கவும் இல்லை. பதிவுக்காகப் பழி என்று காலையில் இதே வாய்தான் அவளிடம் சொன்னது. அப்போது அவர் அதை நம்பியும் இருக்கலாம். மனிதர்கள் தங்களுக்கு வசதியான எதிரியைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

“திங்கக்கிழமை ஒத்துக்கறேன்” என்றார் ஹார்லன். “நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன்மேல ஒண்ணும் வராது. பட்டறையை மூடிடறேன். தண்டனை என்னவோ அனுபவிக்கறேன். எனக்கு அதுதான் வேணும்.”

வெர்ஜில் துடைப்பத்தை மேஜைமேல் சாய்த்தார். பிறகு நம்பரை அழுத்தினார்.

ஹார்லன் இரண்டு கையையும் பக்கவாட்டில் தொங்கவிட்டுக் காத்திருந்தார். எங்கேயும் ஓட உத்தேசமில்லாத மனிதனின் நிலை. நோரீன் போனைப் பிடுங்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டாள். அது அவளுடைய தகராறு இல்லை.

“ஷெரிஃபா? வெர்ஜில் டீட்ஸ் பேசறேன். ஒரு ரைஃபிள் விஷயம். பதிவு பண்ணாதது.”

பிறகு வெர்ஜில் எண்ணைச் சொன்னார். எதையும் பார்க்காமல், எழுத்தும் இலக்கமுமாக, தம்பியின் பிறந்த நாளைச் சொல்வது போல ஒன்றையும் தவறவிடாமல் சொன்னார். வாழ்நாளில் அரசாங்கத்துக்கு வெர்ஜில் டீட்ஸ் கொடுத்த முதல் எண் அது.

“என்னோடது. ஸ்ட்ராக் கொட்டகையில நான்தான் வெச்சேன். போன் பண்ணினதும் நான்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. இல்ல, நான் குடிக்கலை. எழுதிக்கறதுன்னா எழுதிக்கோ, மறுபடி வேணும்னாலும் சொல்றேன்.”

எதிர்முனை ஏதோ கேட்டது. வெர்ஜில் ஹார்லனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“இங்க என்னைத் தவிர யாரும் இல்ல. வா, இருக்கேன்.”

போனைப் பைக்குள் போட்டார். ஹார்லன் ஏன் என்று கேட்டார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

“உள்ள போனா ஒரு நாள் வெளில வருவே” என்றார் வெர்ஜில். “அனுபவிச்சாச்சு, தீந்துதுன்னு நினைச்சுப்பே. உனக்கு அந்த வசதியை நான் பண்ணித் தரமாட்டேன். நான் உள்ள போறேன். என் துப்பாக்கியெல்லாம் போகட்டும். உன்னோடது எல்லாம் உனக்குத் திரும்பி வரும்.”

“வெர்ஜில், வேணாம்.”

“நீ பட்டறையைத் திறப்பே. தினமும் எவனாவது ஒருத்தன் வந்து, என்னோடதைக் குடுன்னு நிப்பான். ஒவ்வொருத்தன் முகத்தையும் நீ பாத்துட்டுத்தான் குடுக்கணும். சாகற வரைக்கும்.”

ஹார்லன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஷெரிஃப் வரட்டும், தான் இங்கேயே நிற்கப்போவதாகச் சொன்னார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. வெர்ஜில் அதற்குள் துடைப்பத்தை எடுத்துவிட்டிருந்தார். இன்னும் இரண்டு மேஜை பாக்கி இருந்தது.

“இவனைக் கூட்டிட்டுப் போ நோரீன்” என்றார் குனிந்தபடியே. “ஜாமீன்ல இருக்கறவன். துப்பாக்கி கிடக்கற எடத்துல எவன் கண்ணுலயும் பட்டுடக்கூடாது.”

ஹார்லன் தானாக நகரவில்லை. நோரீன் ஒரு தோளையும் ஓட்டிஸ் ஒரு தோளையும் பிடித்து, புல்வெளி முழுக்க அவரை நடத்திக்கொண்டு போய்க் காரில் ஏற்ற வேண்டியிருந்தது.